மரத்தில் செதுக்கிய லூர் சரியாக நீந்தவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

செதுக்கி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து பூசும் பிசின்) பூசிக் காயவைத்த லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை, முதல் இழுப்பிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு வருகிறது. இல்லாவிட்டால் இடப்பக்கமாகவே ஓடிக் கரையில் ஏறப் பார்க்கிறது. சொந்தமாக லூர் செய்கிற எல்லோருக்கும் இது நடக்கிறது. பெரும்பாலானவற்றைக் குறடும் அரமும் துண்டு ஈயமும் வைத்தே சரிசெய்துவிடலாம்.

கீழே உள்ளவை 9, 10 செ.மீ. நீளமுள்ள மர லூரை மனதில் வைத்து எழுதியவை. வாய்க்குக் கீழே ஒரு தகடு (எல்லோரும் சொல்வதுபோல லிப் என்றே சொல்கிறேன்), வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு மும்முனை முள். முகத்துவாரங்களில் கொடுவாய்க்கும் செப்பிலிக்கும் வீசுகிற வகை. ஏரியில் விராலுக்குச் சின்னதாகச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

வளைத்த கம்பியை நிமிர்த்திவிடலாம், அரத்தால் தேய்த்துத் தள்ளியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கோளாறு எதுவானாலும் கைவைக்கும் வரிசை இது: முதலில் முடிச்சும் முள்ளும், அடுத்து மூக்கு வளையம் (தூண்டில் நரம்பு கட்டும் இடம்), அதற்கடுத்து எடை, எல்லாம் பார்த்த பிறகே லிப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வளையத்தை வளைத்து, ஈயத்தை ஏற்றி, லிப்பையும் தேய்த்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த லூரில் அதே கோளாறு திரும்ப வரும்.

சோதனை இரண்டு வகை. அசையாத தண்ணீரில் எப்படி மிதக்கிறது என்று பார்க்க ஒரு வாளி போதும். ஓட்டத்தில் எப்படி ஆடுகிறது என்று பார்க்க, தெளிவாக ஓடும் வாய்க்காலுக்கு மேலே ஒரு சின்னப் பாலம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. நரம்பை ஒரு மீட்டர் விட்டு லூரை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தால், வீசி இழுக்கும்போது தெரியாததெல்லாம் தெரியும். இரண்டு சோதனையையும் முள், வளையம் எல்லாம் மாட்டிச் செய்யுங்கள். முள் இல்லாமல் மிதந்த அழகு முள் மாட்டியதும் நிற்காது.

இதையெல்லாம் பெயிண்டுக்கு முன்பே, மரத்துக்குத் தண்ணீர் ஏறாதபடி ஒரு கை வார்னிஷ் மட்டும் பூசிய நிலையில் செய்துவிடுவது நல்லது. 1936-இல் பின்லாந்தில் மீனவர் லாரி ரபாலா செய்த முதல் லூர் தக்கையில் செதுக்கியது. வெளித்தோல் சாக்லேட் சுற்றிவரும் ஜிகினாத்தாள், மேல்பூச்சு உருக்கிய போட்டோ நெகடிவ். அந்தக் கோலத்திலும் அது மீனை ஏமாற்றியது என்றால் காரணம் அதன் ஆட்டம்தான். செதில் செதிலாக ஏர்பிரஷ் அடிப்பது நமக்காக, மீனுக்காக அல்ல என்பது என் கட்சி.

ஒரே பக்கமாக ஓடுகிறது

அடிக்கடி வருவது இது; சுலபமாகத் தீர்வதும் இதுவே. முதலில் லூரின் வயிற்று முள்ளைப் பாருங்கள். ஒரு பக்கம் பாசி மாட்டியிருந்தாலோ, முள்ளை மாட்டும் ஸ்ப்ளிட் ரிங் திருகி முள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ நல்ல லூரும் கோணலாக ஓடும். பாறையில் மோதிய லூருக்கு மூக்கு வளையம் கொஞ்சம் வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவே போதும்.

இது எதுவும் இல்லையென்றால் மூக்கு வளையத்தை வளைக்க வேண்டியதுதான். லூரின் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இழுக்கும்போது அது உங்கள் வலது கைப்பக்கம் ஓடியதென்றால், வளையத்தை உங்கள் இடது பக்கமாக வளைக்க வேண்டும். இடப்பக்கம் ஓடியதென்றால் வலப்பக்கமாக. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் வளையம் சாயணும், அவ்வளவுதான். ஊசிமூக்குக் குறடால் மிக மெதுவாக, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, போட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள். திருக வேண்டாம். திருகு வளையமாக இருந்தால் திருகியதும் பசை விட்டுப்போய் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

வளைத்தும் சரியாகவில்லை, அல்லது வளையம் வெளிப்படையாகக் கோணலாகத் தெரியும் அளவுக்கு வளைத்தால்தான் நேராக ஓடுகிறது என்றால் கோளாறு வளையத்தில் இல்லை. லூரை மூக்குப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மூக்கு வளையம், லிப்பின் நடுக்கோடு, வயிற்று வளையம், வால் வளையம் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் லிப்தான் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டியிருக்கும். லிப் செருகும் பிளவை உடல் செதுக்குவதற்கு முன்பே, மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே அறுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. உருண்டையாகச் செதுக்கிய பிறகு நேராக அறுப்பது தச்சருக்கே கஷ்டம். சாய்ந்த லிப்பைப் பிடுங்கி மறுபடி ஒட்டுவதுதான் வழி. எபாக்ஸியைச் சூடுகாட்டி இளக்கலாம், ஆனால் பெயிண்டும் சேர்ந்து போகும்.

படுத்துக்கொள்கிறது, சுழல்கிறது

இங்கே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: வாளியில் சும்மா மிதக்கும்போதே படுக்கிறதா, இழுக்கும்போது மட்டும் படுக்கிறதா?

சும்மா மிதக்கும்போதே படுத்தால் ஈயம் போதவில்லை, அல்லது ஈயம் மேலே இருக்கிறது. எடையின் மையம் மிதப்பின் மையத்துக்குக் கீழே இருந்தால்தான் லூர் நிமிர்ந்து நிற்கும். அதனால் ஈயம் வயிற்றின் அடிவிளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். துளையை ஆழமாகப் போட்டு ஈயத்தை உடலின் நடுவுக்குத் தள்ளிவிட்டால் எடை ஏறும், நிலை வராது. ஆழம் குறைவாக, அகலமாகத் துளை போடுவதே சரி. இப்போதே துளை போடாமல், வயிற்று வளையத்துக்குச் சற்று முன்னால் துண்டு ஈயத்தை டேப் போட்டு ஒட்டி மிதக்கவிட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் இடமும் எடையும் தெரிந்த பிறகு துளையிடலாம்.

வாளியில் ஒழுங்காக நின்று, இழுக்கும்போது மட்டும் சுழன்றால் உடலின் அளவுக்கு லிப் பெரிது. அகலத்தைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக, ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் மேலே சொன்ன கோணல் ஓட்டம் வந்து சேரும். அரத்தை எடுப்பதற்கு முன்பு வயிற்றில் அரை கிராம் ஈயம் ஒட்டிப் பார்க்க மறக்க வேண்டாம். பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டைத் தட்டி, வெட்டிப் பயன்படுத்துவதே நல்லது. உருக்கி ஊற்ற ஆசைப்பட்டால் அது வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில், சமையலுக்குப் போகாத பாத்திரத்தில் நடக்க வேண்டிய வேலை. ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். ஈரம் உள்ள மரத்துளையில் நேராக ஊற்றினாலும் இதே கதைதான். பல்லால் கடித்து நசுக்குவது பழைய பழக்கம், விட்டுவிடுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

ஆட்டமே இல்லை

முடிச்சைப் பாருங்கள். மூக்கு வளையத்தில் இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தால் லூரின் கழுத்தைப் பிடித்துக்கொண்ட கணக்கு. ஒரு சின்ன ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி) மாட்டுங்கள், அல்லது தளர்வான வளைய முடிச்சுப் போடுங்கள். கனமான லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு), பெரிய ஸ்விவல் (சுழலும் இணைப்பு) இவையும் சின்ன லூரை ஊமையாக்கும். முள்ளும் அப்படியே. ஒரு அளவு பெரிய முள்ளை மாட்டியதும் ஆட்டம் செத்துப்போவது உண்டு.

அதெல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், எடை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். பறக்கும் தூரத்துக்காக வாலில் கொஞ்சம், மூழ்குவதற்காகத் தலையில் கொஞ்சம் என்று ஈயத்தைப் பிரித்து வைத்தால் லூர் ஆட மறுக்கும். இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடித்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், புரிந்துவிடும். எடையை நடுவில், வயிற்று வளையத்தை ஒட்டிக் குவித்தால் அதே லூர் துள்ளும். மொத்த எடை அதிகமாகிவிட்டாலும் ஆட்டம் மந்தமாகும்.

லிப் சின்னதாக இருப்பது கடைசிக் காரணம். இங்கே தேய்த்துத் தீர்க்க வழியில்லை. புதிய லிப் வெட்ட வேண்டும். லிப்பின் சரிவும் பேசும். உடலின் நீளவாக்கோடு ஒட்டினாற்போல் நீளமாக நீட்டியிருந்தால் லூர் ஆழம் போகும். செங்குத்தாகக் கீழே இறங்கியிருந்தால் மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடும். ஆழம் வேண்டாத இடத்துக்கு ஆழ லிப் போட்டுவிட்டு ஆட்டம் குறைவு என்று வருந்துவதில் அர்த்தம் இல்லை.

மெதுவாக இழுத்தால் சரி, வேகம் கூட்டினால் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறது

இது ஒரே பக்கமாக ஓடுவது, சுழல்வது என்று மேலே சொன்ன இரண்டு நோய்களின் இளம் பருவம். பெரும்பாலும் மூக்கு வளையத்தில் மிச்சம் இருக்கும் ஒரு மயிரிழைக் கோணல், மெதுவான ஓட்டத்தில் மறைந்திருந்து வேகத்தில் வெளிப்படுகிறது. எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று பார்த்து வளையத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு தடவை இடம், ஒரு தடவை வலம் என்று மாறி மாறிப் போனால் கோணல் இல்லை, லிப் அகலம். எல்லா லூருக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. விராலுக்கு ஊர்ந்து வரும் லூரைப் பாறை மீனுக்கு இழுக்கும் வேகத்தில் இழுத்துவிட்டு, அதைப் பழுது என்று சொல்லக் கூடாது.

மிதக்க வேண்டியது மூழ்குகிறது

இதற்குக் கணக்கு உண்டு, கணக்குப் போட்டால் தவறே வராது. சமையலறைத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். லூரின் மர உடலை மெல்லிய கம்பியால் முழுதாக அமுக்கிப் பிடியுங்கள். குவளையின் பக்கத்திலோ அடியிலோ படக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் உடலின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 20 காட்டினால், நல்ல தண்ணீரில் அந்த உடல் 20 கிராம் வரை தாங்கும்.

இப்போது செலவை எழுதுங்கள். மலைவேம்பு மாதிரி அடர்த்தி சுமார் 0.4 உள்ள மரமென்றால் மரத்துக்கு 8 கிராம். முள்ளும் வளையமும் 5. லிப்பும் கம்பியும் 2. பெயிண்ட், எபாக்ஸி 2. ஆக 17. மீதம் 3 கிராம். அதில் 2 கிராம் ஈயம் வைத்தால் மெல்ல மிதந்து எழும். இதையே தேக்கில் செய்தால் மரம் மட்டும் 13 கிராம், மொத்தம் 22. ஈயமே வைக்காமல் மூழ்கிவிடும். பட்டறையில் தேக்குத் துண்டுகள் இலவசமாகக் கிடைப்பதால் நிறையப் பேர் அதில் தொடங்குகிறார்கள். மூழ்கும் லூர் வேண்டுமானால் அது நல்ல மரம்தான். மிதக்க வேண்டுமானால் மலைவேம்பு, ஏழிலைப்பாலை, கல்யாண முருங்கை இவற்றில் நன்கு காய்ந்த துண்டைத் தேடுங்கள். பால்சா இன்னும் லேசு, அடர்த்தி 0.16-ஐ ஒட்டி. ஆனால் சீலாவின் பல் பட்டால் தாங்காது. கல்யாண முருங்கையும் மென்மைதான், மேல்பூச்சைக் கனமாகப் போட வேண்டும்.

எபாக்ஸியின் எடையைக் கணக்கில் விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான சறுக்கல். வாளியில் சரியாக மிதந்த வெற்று மரம் இரண்டு கை பூச்சுக்குப் பிறகு மூழ்கிப்போகும். கடலுக்கென்று செய்தால் நேர்மாறான வியப்பு ஒன்று உண்டு. கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025 என்பதால் 20 கன செ.மீ. லூருக்கு அரை கிராம் மிதப்பு கூடும். வீட்டு வாளியில் அந்தரத்தில் நிற்கும்படி அளந்து செய்தது கடலில் மேலே வந்து மிதக்கும். கடலிலும் அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் வாளியில் கல்லுப்பைக் கரையுங்கள், லிட்டருக்கு 35 கிராம்.

முதல் நாள் மிதந்து, போகப்போக மூழ்கத் தொடங்கினால் அது வேறு நோய். தண்ணீர் உள்ளே போகிறது. கீழே மேல்பூச்சு வெடிப்பதைப் பற்றிய பகுதியைப் பாருங்கள்.

எபாக்ஸி பிசுபிசுக்கிறது, குழி விழுகிறது, குமிழ் கட்டுகிறது

முழுக்க ஒட்டுகிறது என்றால் கலவை விகிதம் தவறு, அல்லது கலக்கியது போதவில்லை. டப்பாவில் சொன்ன விகிதம் கன அளவுக்கா, எடைக்கா என்று பாருங்கள். பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி இல்லை என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்கிக்கொண்டால் கன அளவு சுலபம். ஹார்டனரைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்பது வெறும் நம்பிக்கை, மிஞ்சிய ஹார்டனர் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஒட்டும் பூச்சின் மேல் இன்னொரு கை பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். சுரண்டி எடுத்துவிட்டு ஸ்பிரிட்டில் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்.

இறுகியிருக்கிறது, மேலே மட்டும் எண்ணெய் தடவினாற்போல் வழுக்குகிறது என்றால் அது காற்றின் ஈரப்பதம் செய்த வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது தவிர்க்க முடியாதது. வெந்நீரும் துணியும் வைத்துக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கழுவாமல் அடுத்த கை பூசினால்தான் உரிந்து வரும்.

அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தால் விரல் எண்ணெய்தான் காரணம். பெயிண்ட் அடித்த பிறகு லூரை வெறும் கையால் தொடாதீர்கள்.

குமிழ்தான் சுவாரசியமானது. மரத்துக்குள் இருக்கும் காற்று சூடானால் விரியும், பூச்சுக்குள் குமிழாக வெளியே வரும். காலை ஒன்பது மணிக்குப் பூசி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் குமிழ் வராமல் என்ன செய்யும்? சூடு இறங்கும் நேரத்தில், சாயங்காலத்துக்குப் பிறகு பூசுங்கள். அப்போது காற்று உள்ளே சுருங்கி எபாக்ஸியை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். முதல் கையை மெல்லியதாகப் பூசினாலே மரத்தின் வாய் அடைபட்டுவிடும்.

ஒரு பக்கம் வழிந்து தடித்துவிட்டால், பூசிய பிறகு திருப்பிக்கொண்டே இருக்கவில்லை என்று பொருள். பழைய மைக்ரோவேவின் தட்டைச் சுழற்றும் மோட்டாரைக் கழற்றி இதற்கு வைத்துக்கொள்வோர் உண்டு. நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, சரியான வேகம். ஆனால் அவற்றில் பல வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுபவை, இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அடுப்பின் மின்சுற்றில் வேறு எதையும் தொட வேண்டாம், அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் உயிரை வாங்கும்.

லிப் உடைகிறது, வெண்மை படர்கிறது

தெறித்து உடைந்தால் அது அக்ரிலிக். லிப்புக்கு வேண்டியது பாலிகார்பனேட். கடையில் தேடி அலைய வேண்டாம், பழைய சிடி ஒன்றை எடுங்கள். அதன் உடல் 1.2 மி.மீ. பாலிகார்பனேட்தான், இந்த அளவு லூருக்குச் சரியான தடிமன். மேலே கீறிவிட்டு அகலமான டேப்பை ஒட்டிப் பிடுங்கினால் வெள்ளிப்பூச்சு உரிந்து வரும். இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்த டிவிடி வேண்டாம், பிரிந்துவிடும்.

வெண்மையாக மயிர் வெடிப்பு ஓடினால் தின்னரோ நெயில்பாலிஷ் ரிமூவரோ பட்டிருக்கிறது. பாலிகார்பனேட்டுக்கு அசிட்டோன் ஆகாது. பெயிண்ட் அடிக்கும்போது லிப்பை டேப்பால் மூடிவிடுங்கள். புகை படிந்ததுபோல் மங்கினால் சூப்பர்குளூவின் ஆவி. லிப்பை எபாக்ஸியால் ஒட்டினால் இது வராது. ஒட்டும் பகுதியை முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள், அதில் இரண்டு சின்னத் துளையும் போட்டுவிட்டால் எபாக்ஸி உள்ளே புகுந்து ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொள்ளும்.

மேல்பூச்சு வெடிக்கிறது, மரம் ஊதுகிறது, வளையம் பிடுங்கிக்கொள்கிறது

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. முள் வளையத்தைச் சுற்றியோ, முள் உரசித் தேய்ந்த வட்டத்திலோ, பல் பட்ட இடத்திலோ தண்ணீர் புகுந்து மரம் ஊதுகிறது, ஊதிய மரம் பூச்சை வெடிக்க வைக்கிறது. இதைப் பார்த்தவுடன் மேலே எபாக்ஸி தடவி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று மரத்தை உளுத்துப்போகச் செய்யும். வெடிப்பைக் கத்தியால் திறந்து, நிழலில் ஒரு வாரமாவது காயவிடுங்கள். தராசில் நிறுத்துப் பார்த்து, எடை இறங்குவது நின்ற பிறகே மூடுங்கள்.

திருகு வளையம் பிடுங்கிக்கொண்டு வந்தால் அதே துளையில் பெரிய திருகைப் போடுவது தற்காலிக வைத்தியம்தான். கொடுவா, பாறை மாதிரி மூர்க்கமான மீனுக்குச் செய்கிறீர்கள் என்றால் மூக்கிலிருந்து வயிறு வழியாக வால் வரை ஒரே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஓட்டுங்கள், 1 மி.மீ. போதும். மரம் இரண்டாகப் பிளந்தாலும் மீன் கம்பியில் இருக்கும். கடலுக்கு 316 ரகம் 304-ஐ விட நன்றாகத் தாங்கும். நல்ல கம்பியில் சாதா முள்ளை மாட்டி உப்புத் தண்ணீர் ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் முள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து உள்ளே வையுங்கள்.

முள் நரம்பில் சிக்குகிறது, இரண்டு முள்ளும் கட்டிக்கொள்கிறது

முள்கள் ஒன்றையொன்று பிடித்தால் இடைவெளி போதவில்லை. இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று நீட்டிப் பிடித்தால் நுனிகள் தொடக் கூடாது. ஒரு அளவு சின்ன முள் மாட்டுங்கள், பிறகு மிதப்பை மறுபடி பாருங்கள். காற்றில் குட்டிக்கரணம் போட்டு முள் லீடரில் மாட்டினால் லூர் அதன் அளவுக்கு லேசு, அல்லது மூக்குக் கனம். வால் கனமானது நேராகப் பறக்கும், ஆனால் ஆட்டத்தைக் காவு வாங்கும். அதனால் எடையை நகர்த்துவதற்கு முன்பு, லூர் தண்ணீரைத் தொடும் நேரத்தில் ஓடும் நரம்பை விரலால் லேசாகத் தடுத்துப் பழகுங்கள். லூர் திரும்பி முன்னால் வந்து விழும், பாதித் தொல்லை அதோடு போய்விடும்.

எதற்கும் மசியாத லூர்

சில லூர் எதைச் செய்தாலும் வழிக்கு வராது. மரத்தின் ஒரு பக்கம் வைரம் பாய்ந்த கெட்டி, ஒரு பக்கம் மென்மை என்று இருந்தால் எடையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வளையத்தை வளைத்து எவ்வளவுதான் ஈடுகட்ட முடியும்? அப்படிப்பட்டதன் லிப்பை அறுத்துத் தள்ளிவிட்டு, பிளவை எபாக்ஸியும் மரத்தூளும் கலந்த பசையால் அடைத்து, மூக்கு வளையத்தை நுனி நடுவுக்கு மாற்றுங்கள். பழைய ஈயத்தைத் தோண்டி எடுத்து வாலுக்குப் பக்கத்தில் வையுங்கள், வால் தாழ்ந்து மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும் அளவுக்கு. நரம்பைத் தளரவிட்டு ராடின் நுனியைச் சின்னச் சின்னதாகச் சுண்டினால் மூக்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு மேல்நீரில் நடந்து வரும். காலையில் ஏரி ஓரத்து அல்லி இலைகளுக்கு இடையே விராலுக்குப் போட வேண்டியது அது. முள்ளைக் குறைத்து வாலில் ஒன்று மட்டும் விட்டால் இலையில் மாட்டுவதும் குறையும்.